இலைக்கு ஒரு மடக்கு, வேருக்குத்தான் சாப்பாடு!

உரக்கடையில் மூட்டைகள் எப்போதும் பின்கட்டில்தான் கிடக்கும். கல்லாப் பக்கத்தில், கண்ணில் படும்படி வரிசை கட்டி நிற்பவை குட்டி பாட்டில்களும் பளபளப்பான பொட்டலங்களும். ‘இலையில அடிங்க, மூணே நாள்ல பயிர் கருகருன்னு திரும்பிடும்’ என்ற உறுதிமொழியும் அவற்றோடு இலவசமாகக் கிடைக்கும்.

திறந்தவெளியில் தக்காளி போட்டவருக்கே இந்த ஆசை வரும். ஓசூர், தளி பக்கம் போல வங்கிக் கடன் வாங்கி பாலிஹவுஸ் எனும் பசுமைக்குடில் போட்டவருக்குக் கேட்கவே வேண்டாம். கூரை, சொட்டுநீர், வீரிய ஒட்டு நாற்று, செடியைத் தூக்கிக் கட்டும் கயிறு என ஏற்கெனவே பணம் இறங்கியிருக்கும். நடவு செய்து இரண்டு மாதம் ஆகும் நேரத்தில் இலை லேசாக வெளுத்தாலோ, பிஞ்சின் அடி கறுத்தாலோ மனம் பதறும். கை தானாக ஸ்பிரேயரைத் தேடும்.

இலைவழியாக ஊட்டம் கொடுப்பது ஏமாற்று வேலை அல்ல. அறிவியல் ஒப்புக்கொண்ட நல்ல முறைதான். ஆனால், அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தெளித்தால் பாட்டில் காசு மட்டும் போகாது. உண்மையான கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டிய பத்து, பதினைந்து நாளும் சேர்ந்து போகும். தக்காளியில் அந்தப் பதினைந்து நாள் என்பது ஒன்றிரண்டு கொத்துக் காய்கள்.

இலைக்கு வாய் இருக்கிறதா?

இலையின் மேல் மெழுகு போன்ற ஒரு தோல் உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. ஆனாலும், அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இடைவெளிகள் இருக்கின்றன. இலைத்துளைகளும் உண்டு. தக்காளி இலையில் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தில்தான் இந்தத் துளைகள் அதிகம். நீரில் கரைந்த சத்து இந்த வழிகளில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்.

இதை மனிதர்கள் கண்டுபிடித்து நெடுங்காலம் ஆகிறது. 1840-களிலேயே பிரான்ஸில் யூசேப் கிரீ என்பவர், வெளுத்துப்போன செடிகளின் இலையில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி அவை பச்சையாவதைக் காட்டினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய் தீவு அன்னாசித் தோட்டங்களில் ஒரு சிக்கல் வந்தது. மண்ணில் மாங்கனீசு மிகுந்திருந்ததால் செடிகள் இரும்பை எடுக்க முடியாமல் மஞ்சளாகின. இரும்பு சல்பேட் கரைசலைத் தெளித்தார்கள், செடிகள் தேறின.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் டியூக்கி, விட்வர் இருவரும் கதிரியக்கம் கொண்ட சத்துகளை இலையில் இட்டு, அவை செடிக்குள் எங்கெங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். இலையில் இட்ட சத்து தண்டுக்கும் வேருக்கும் காய்க்கும் போவது அப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆக, இலைக்கு வாய் இருக்கிறது. ஆனால் அது மிகச் சின்ன வாய்.

கணக்குப் போட்டால் தெரியும்

எவ்வளவு சின்ன வாய் என்பதை ஒரு எளிய கணக்கு சொல்லிவிடும். வீரிய ஒட்டுத் தக்காளிக்கு ஹெக்டேருக்கு 200 கிலோ தழைச்சத்து வேண்டும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதாவது ஏக்கருக்குச் சுமார் 80 கிலோ.

கடையில் ‘ஆல் 19’ என்று கேட்டு வாங்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு கிலோ உரம் போகும். அதில் தழைச்சத்து 190 கிராம். தெளித்த துளி ஒன்றுகூடக் கீழே சிந்தாமல், முழுவதையும் இலை குடித்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 80 கிலோவைக் கொடுக்க 400 தடவைக்கு மேல் தெளிக்க வேண்டும்!

லிட்டருக்கு 5 கிராமுக்குப் பதிலாக 50 கிராம் போட்டால் என்ன என்று கேட்கலாம். இலை கருகிவிடும். உப்பு அடர்த்தியாக இருந்தால் இலை அதைக் குடிக்காது, உப்புதான் இலையில் இருக்கும் நீரைக் குடித்துவிடும்.

தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று பேரூட்டங்களும் வேர் வழியாக, சொட்டுநீரில்தான் போக வேண்டும். அதுதான் சாப்பாடு. இலைத் தெளிப்பு ஒரு மடக்கு கஷாயம் மாதிரி. கஷாயம் குடித்தால் நோய் தீரலாம், வயிறு நிறையாது.

அப்படியானால் எதற்குத் தெளிப்பது?

நுண்ணூட்டங்களுக்கு. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான் போன்றவை பயிருக்குக் கிராம் கணக்கில்தான் தேவை. சின்ன வாயால் கிராம் கணக்கைக் குடிக்க முடியும். அதோடு, சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உவர் நீர் பாயும் இடத்திலும் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். ஹவாய் அன்னாசிக்கு நடந்தது போலத்தான். அங்கே மண்ணைச் சுற்றிக்கொண்டு இலைவழியே போவதுதான் குறுக்குவழி.

மெக்னீசியமும் இந்தப் பட்டியலில் வரும். பசுமைக்குடில் தக்காளியில் காய்ப் பாரம் ஏறும்போது சாம்பல் சத்தை அதிகம் கொடுப்பார்கள். அது மெக்னீசியத்தை வேரில் போட்டிபோட்டுத் தள்ளிவிடும். அந்த நேரத்தில் மெக்னீசியம் சல்பேட் தெளிப்பு கைகொடுக்கும்.

இன்னொரு தருணமும் உண்டு. தொடர் மேகமூட்டம், குளிர், வேரில் நீர் தேங்கியது போன்ற காரணங்களால் வேர் சில நாள்கள் சுணங்கிப்போகும். அப்போது லேசான யூரியா கரைசலோ, ‘ஆல் 19’ கரைசலோ செடியைத் தாங்கிப்பிடிக்கும். சத்துகளில் யூரியாதான் இலைக்குள் மிக வேகமாக நுழையக்கூடியது. ஆனால், இது வேர் தேறும் வரைக்கும்தான்.

கடையில் இருக்கும் எல்லா பாட்டிலும் சத்து அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். டிரையகான்டனால் போன்றவை வளர்ச்சி ஊக்கிகள். நட்ட 15-ஆம் நாளும், பூ நிறைந்திருக்கும் சமயத்திலும் அதை மிக மிகக் குறைந்த அளவில் தெளிக்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அது உரத்துக்கு மாற்று அல்ல. அளவு கூடினால் பலனும் கூடும் என்ற கணக்கும் அங்கே செல்லாது.

பழைய இலையா, புது இலையா?

எந்தச் சத்துக் குறைவு என்று கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, இடத்தை.

தழை, சாம்பல், மெக்னீசியம் மூன்றும் செடிக்குள் நடமாடக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புதுக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். வீட்டில் பெரியவர்கள் தங்கள் பங்கைக் குழந்தைகள் தட்டில் வைப்பதைப் போல. அதனால் வாட்டம் அடி இலையில் தெரியும்.

* அடி இலை முழுதும் ஒரே மாதிரி வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு.
* அடி இலையின் ஓரம் தீய்ந்தது போல இருந்தால் சாம்பல் சத்துக் குறைவு.
* அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியக் குறைவு.

இரும்பு, போரான், சுண்ணாம்புச் சத்து ஆகியவை எளிதில் இடம் மாறாதவை. அவற்றின் குறைவு கொழுந்தில் தெரியும்.

* புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தால் இரும்புக் குறைவு.
* கொழுந்து தடித்து, தொட்டால் ஒடிந்து, பூவும் உதிர்ந்தால் போரான் குறைவாக இருக்கலாம்.

இடம் மாறாத சத்தைத் தெளித்தால், தெளித்த இலை மட்டும்தான் தேறும். அடுத்து விடும் இலைக்கு அது போகாது. அதனால்தான் இரும்பை ஒரே தடவை தெளித்துவிட்டு ஓய முடியாது. ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தேவைப்படும்.

தெளிப்புக்கு மசியாத மஞ்சளும் உண்டு. கொழுந்து சுருண்டு, செடி குட்டையாக நின்று, இலையைத் தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அது இலைச்சுருட்டு வைரஸ். எந்த நுண்ணூட்டமும் அதை மாற்றாது. செடி பகலில் வாடி, வெளுத்து நின்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. ஒரே மண்ணில் திரும்பத் திரும்பக் காய்கறி போடும் பசுமைக்குடில்களில் அடிக்கடி வரும் தலைவலி இது. வேர் சாப்பிட முடியாமல் தவிக்கும்போது இலைக்கு மடக்கு மடக்காய்க் கொடுத்துக்கொண்டிருந்தால் செடி பிழைக்காது.

அடி கறுத்த காய்

அதிகப் பணம் வீணாகும் இடம் இதுதான். காயின் அடிப்பக்கம், பூ இருந்த நுனி, நீர்கோத்ததுபோலத் தொடங்கி, கறுத்து, தோல்போலக் காய்ந்துவிடும். இதைக் காய் நுனி அழுகல் என்பார்கள். காரணம் பூஞ்சை அல்ல, காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து எனப்படும் கால்சியம் போதுமான அளவு போய்ச் சேராததுதான்.

‘கால்சியம் குறைவா? இலையில தெளிச்சிரலாம்’ என்று தோன்றும். இங்கேதான் வழுக்குகிறது. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்து மேலே மட்டுமே பயணிக்கும். இலை நீரை ஆவியாக வெளியே விடுவதால் தண்ணீரும் கால்சியமும் இலையை நோக்கி ஓடும். காய் அவ்வளவாக ஆவி விடாது. அதன் பங்குக்கு வருவது கொஞ்சம்தான். இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வராது. எனவே இலையில் எவ்வளவு கால்சியம் தெளித்தாலும் அது இலையிலேயே தங்கிவிடும்.

கால்சியம் குளோரைடை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிக்கும் பரிந்துரை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால், அது படவேண்டியது பிஞ்சின் மேல். பூ உதிர்ந்து, காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே நேராகப் பிஞ்சுக் கொத்தில் பட வேண்டும். காய் பெருத்துக் கறுத்த பிறகு தெளித்து எந்தப் பலனும் இல்லை. வெயிலில் தெளித்தால் இலையும் தீய்ந்துவிடும்.

நிரந்தரத் தீர்வு வேரில் இருக்கிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சாமல், சொட்டுநீரைத் தினமும் சீராகக் கொடுக்க வேண்டும். வெயில் நாளில் அளவைக் கூட்டிப் பல தவணையாகப் பிரித்துவிட வேண்டும். அம்மோனியம் மிகுந்த உரத்தையும் அளவுக்கு மீறிய சாம்பல் சத்தையும் குறைக்க வேண்டும். இரண்டுமே வேரில் கால்சியத்துக்குப் போட்டி. கால்சியம் நைட்ரேட்டைச் சொட்டுநீரில், வேறு உரங்களோடு கலக்காமல் தனி நாளில் கொடுக்கலாம். கறுத்த காய் தேறாது. அதைக் கிள்ளி எறிந்துவிட்டால் அதற்குப் போகும் சத்து அடுத்த காய்க்குப் போகும்.

குடிலுக்குள் விதி வேறு

‘மாலையில் தெளி’ என்பது திறந்தவெளிக்குப் பழகிய அறிவுரை. துளி மெதுவாகக் காய்ந்தால்தான் இலை குடிக்க நேரம் கிடைக்கும் என்பது அதன் காரணம். ஆனால், பசுமைக்குடிலுக்குள் மாலையில் நனைந்த இலை இரவு முழுக்கக் காயாது. ஈரமான இலை பூஞ்சைக்குப் பாய் விரித்தது மாதிரி. எனவே குடிலுக்குள் அதிகாலைதான் நல்ல நேரம். வெயில் ஏறுவதற்குள் தெளித்து முடித்து, பக்கவாட்டுத் திரையைத் தூக்கிவிட்டால், இலை குடிக்கவும் நேரம் இருக்கும், காயவும் வழி இருக்கும்.

குடிலுக்குள் வளரும் இலையின் தோல் வெளியில் வளரும் இலையைவிட மென்மையானது. சத்து எளிதாக நுழையும், அதே வேகத்தில் கருகவும் செய்யும். அதனால் பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் பாதியில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

உள்ளே மழை இல்லை. வெளியில் தெளித்த உப்பை மழை கழுவிவிடும். குடிலுக்குள் அது இலையிலேயே வெள்ளைத் திட்டாகப் படிந்துகொண்டே போகும். வாராவாரம் தெளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூங்கொத்து விரிந்திருக்கும்போது அதன் மேல் நேராக அடிப்பதும் நல்லதல்ல. மகரந்தம் நனைந்து ஒட்டிக்கொண்டால் காய்ப்பிடிப்பு குறையும். தேனீ நுழையாத குடிலில் அதுவே பெரிய பாடு.

டேங்கை நிரப்பும் முன்

* களைக்கொல்லி அடித்த டேங்கை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. 2,4-டி போன்ற களைக்கொல்லியின் மிச்சம் துளி இருந்தாலும் தக்காளி இலை முறுக்கிக்கொண்டுவிடும். ஊட்டத்துக்குத் தனி ஸ்பிரேயர் வைப்பதே நல்லது.
* கால்சியம் உரத்தோடு சல்பேட், பாஸ்பேட் வகைகளைக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சுண்ணாம்புக் குழம்பு போலத் திரிந்து அடியில் படிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினால் டேங்கில் ஊற்ற வேண்டாம்.
* உப்புத்தண்ணீர், கடின நீர் வேண்டாம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்கா வெஜிடபிள் ஸ்பெஷல்’ நுண்ணூட்டக் கலவையோடு எலுமிச்சைச் சாறும் ஷாம்பூவும் சேர்க்கச் சொல்வார்கள். எலுமிச்சை நீரின் காரத்தன்மையைக் குறைக்கும். ஷாம்பூ, துளி உருண்டு விழாமல் இலையில் பரவச் செய்யும்.
* பனிபோல நுண்ணிய துளியாக, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வழிந்தால் அது வீண்.
* பஞ்சகவ்யம் தெளிப்பவர்கள் 10 லிட்டருக்கு 300 மில்லி என்ற 3 சதவிகித அளவைத் தாண்டாமல், நன்றாக வடிகட்டி ஊற்ற வேண்டும். அதில் பேரூட்டத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் அடியுரத்தை நிறுத்திவிடக் கூடாது. பழுக்கும் காய்களின் மேல் படாமல் பார்த்துக்கொள்வதும், பறித்த பழத்தை நன்றாகக் கழுவுவதும் அவசியம்.

மாடியில் நாலு தொட்டி இருந்தால்...

மாடியில் நிழல்வலைக்குக் கீழே தக்காளி வளர்ப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். தொட்டியில் மண் குறைவு என்பதால் சத்தும் சீக்கிரம் தீரும், நீரும் சீக்கிரம் காயும். காய் நுனி அழுகல் மாடித் தோட்டத்தில் அதிகம் வருவதற்கு இதுவே காரணம். பாட்டில் வாங்கும் முன் தொட்டியின் அளவைப் பெரிதாக்குவதும், மண்மீது காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுவதும், தண்ணீரை ஒரே நேரத்தில், ஒரே சீராக ஊற்றுவதும் அதிகம் உதவும். அடி இலை நரம்பிடையில் மஞ்சளானால் ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்துக் காலையில் தெளிக்கலாம். ஒரு டீஸ்பூன் அளவுதான். கை தாராளமாகப் போக வேண்டாம்.

ஐந்து செடி, ஒரு நாடா

எந்தத் தெளிப்பாக இருந்தாலும் மொத்தக் குடிலுக்கும் ஒரே நாளில் அடிக்க வேண்டியதில்லை. ஐந்து செடிகளுக்கு ஒரு வண்ண நாடாவைக் கட்டுங்கள். அவற்றுக்கு மட்டும் தெளியுங்கள். பக்கத்து வரிசையில் அதே அளவுள்ள ஐந்து செடிகளை விட்டுவிடுங்கள். மூன்று நாளில் கருகல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பத்து நாளில் பலன் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். கடைக்காரர் சொல்வதும், பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதும், வாட்ஸ்அப்பில் வருவதும் இந்த இரண்டு வரிசைக்கு முன்னால் நிற்காது.

வித்தியாசம் தெரியாவிட்டால், மண்ணையும் பாசன நீரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, மண் பரிசோதனை நிலையத்துக்கோ போவதுதான் அடுத்த படி. காய்கறிக் குடில் சாகுபடியை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. அந்த ஒரு பயணம், கல்லாப் பக்கத்து பாட்டில் பலவற்றை மிச்சப்படுத்தும்.

*அடுத்த வாரம்: தேனீ வராத குடிலில் தக்காளிப் பூவைக் காயாக்குவது எப்படி?*